கடலுக்குள்ள கேட்கிற கணக்கு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருத்தர், தனக்குத் தெரிஞ்ச ஒரு விஷயத்தைப் பத்திப் பேசணும்னு அக்கா சொன்னாங்க. போன பேச்சு காளான் வளர்ப்பு, அதுக்கு முன்னாடி சிறுதானிய அல்வா. நான் மீன் படகைப் பத்திப் பேசப் போறேன்னு சொன்னதும் பின்வரிசையில ஒரு சிரிப்பு கேட்டுது. காட்டூர்ல ஏதுடி கடல்னு நினைக்கிறது தெரியுது. தஞ்சாவூர் ரோட்டுல நின்னா நமக்குத் தெரியற தண்ணி வாய்க்கால் தண்ணிதான். ஆனா வாரா வாரம் உங்க வீட்டுக் குழம்புல விழுற நெத்திலிக் கருவாடு எங்க குழு விக்கிறது. அது வர்ற இடத்துல நடக்குற ஒரு சங்கதியைத்தான் சொல்ல வந்தேன். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. விஞ்ஞானம் பேசறேன்னு நினைக்காம கேளுங்க.

எனக்குத் தாய்வீடு நாகப்பட்டினம் பக்கம் அக்கரைப்பேட்டை. அண்ணன் விசைப்படகு வச்சிருக்கார். நாலஞ்சு நாள் தங்கல் போய்ட்டு வர்ற படகு. அதோட வீல் ரூமுல ஜிபிஎஸ்ஸுக்குப் பக்கத்துல இன்னொரு பெட்டி உண்டு. அதை எல்லாரும் எக்கோன்னு சொல்வாங்க. முழுப்பேர் எக்கோ சவுண்டர். எங்க அப்பா காலத்துல ஈயக்குண்டைக் கயித்துல கட்டி இறக்கி எத்தனை பாகம் ஆழம்னு பார்ப்பாங்க. இப்ப அந்த வேலையை இந்தப் பெட்டி பண்ணுது. படகோட அடியில ஒரு கருவி பதிச்சிருக்கும். அது கீழ் நோக்கி ஒரு சத்தம் போடும். நம்ம காதுக்குக் கேட்காத சத்தம். தரையில பட்டுத் திரும்பி வரும். கிணத்துல எட்டிப் பார்த்துக் கூப்பிட்டா நம்ம குரலே திரும்பி வருதில்ல, அதேதான். தண்ணியில சத்தம் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் போகும். காத்துல போறதைவிட நாலு மடங்குக்கும் மேல. 75 மீட்டர் ஆழம்னு வைங்க, கிட்டத்தட்ட நம்ம மலைக்கோட்டை உயரம். அவ்வளவு ஆழம் போய்த் திரும்பி வர நொடியில பத்துல ஒரு பங்கு நேரம் போதும். போய் வந்த நேரத்தை வச்சு ஆழத்தைப் பெட்டி கணக்குப் போட்டுடும்.

நடுவழியில மீன் இருந்தா அதுலயும் பட்டுத் திரும்பும். மீனோட வயித்துக்குள்ள காத்துப்பை ஒண்ணு இருக்கு பாருங்க, மீன் கழுவறப்ப வெள்ளையா பலூன் மாதிரி வருமே, சத்தம் அதுலதான் பலமா பட்டுத் தெறிக்குது. சதையும் தண்ணியும் சத்தத்துக்கு ஏறக்குறைய ஒண்ணு போலத்தான், காத்து வேற. சுறாவுக்கும் திருக்கைக்கும் அந்தப் பை கிடையாது, அதனால அதுங்க மங்கலாத்தான் தெரியும். மாப்பா மீன் இருந்தா திரையில சிவப்பா ஒரு மேகம் மாதிரி வரும். அண்ணன் அந்த மேகத்தோட வடிவத்தைப் பார்த்தே இது நெத்திலி, இது கானாங்கெளுத்தின்னு சொல்லிடுவார். பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும்.

படகு நகர நகர அந்தப் படமும் நகர்ந்து ஓரத்துல போய் மறைஞ்சிடும். மறைஞ்சது மறைஞ்சதுதான். அண்ணன் மக நாகப்பட்டினத்துல மீன்வளப் பல்கலைக்கழகத்துல படிக்குது. போன பொங்கலுக்கு நான் போயிருந்தப்ப அதுதான் இந்தப் பேச்சை எடுத்துச்சு. "அத்தை, அப்பா இருபது வருஷமா அந்தத் திரையைப் பார்க்கிறாரு. அதுல பத்து நாள் படத்தை யாராவது சேர்த்து வச்சிருந்தாக்கூட அது ஒரு புத்தகம். எல்லாம் கடல்லயே போயிடுச்சு"ன்னு சொல்லிச்சு.

எனக்கு உடனே நம்ம தீர்மான நோட்டுதான் ஞாபகம் வந்துச்சு. வாரம் யார் வந்தா, யார் வரல, எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு கடன் அடைஞ்சுது. எழுதறப்ப சலிப்பாத்தான் இருக்கும். வருஷக் கணக்கா அதை எழுதி வச்சதனாலதானே வங்கியில நம்மளை நம்பி லட்சக்கணக்குல கடன் கொடுக்கிறாங்க? (சார் தலையாட்டறார்.) வாயால சொல்லியிருந்தா யார் கேட்டிருப்பா?

மீன்பிடிக்கிறவங்க எக்கோவைப் பார்த்து விஞ்ஞானிகளுக்குச் சொல்றது புதுசு இல்லையாம். இங்கிலாந்துல ரொனால்ட் பால்ஸ்னு ஒரு படகோட்டி. 'வயலட் அண்ட் ரோஸ்'னு அவர் படகுக்குப் பேரு. 1933லயே அந்தப் படகுல எக்கோ வச்சு ஹெர்ரிங் மீனைத் தேடினார். ஹெர்ரிங்னா நம்ம மத்தி சாதி. எந்தக் கோடு தெரிஞ்சா வலையில என்ன விழுந்துச்சுன்னு வருஷக்கணக்கா பார்த்தார். 1948ல அதைக் கட்டுரையா எழுதினார், கடல் விஞ்ஞானிகளோட பத்திரிகையிலேயே அது வந்துச்சு. மீன் இருக்கா இல்லையான்னு சத்தத்தை வச்சு எண்ணலாம்கிற படிப்பு வளர்ந்ததுல இந்த மாதிரி படகுக்காரங்களுக்குப் பங்கு உண்டு.

இன்னொரு கதை அண்ணன் மக சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. இரண்டாம் உலகப்போர் நேரத்துல, 1942ல, அமெரிக்கக் கடற்படைக்காக வேலை செஞ்சவங்க கலிபோர்னியாப் பக்கம் சத்தம் போட்டுப் பார்த்தாங்க. தரை ரொம்ப ஆழத்துல இருக்க வேண்டிய இடத்துல, சுமார் 300 மீட்டரிலேயே ஒரு தரை மாதிரி தெரிஞ்சுது. பொய்த்தரை. 1945ல மார்ட்டின் ஜான்சன்கிற உயிரியல் விஞ்ஞானி ராத்திரியில பார்த்தார். அந்தத் தரை மேல ஏறி வந்துச்சு! விடிஞ்சா திரும்பக் கீழ இறங்குது. தரை ஏறி இறங்குமா? அது அத்தனையும் உயிர். சின்னச் சின்ன மீனு, இறால் சாதி எல்லாம் கோடிக்கணக்குல பகல்ல இருட்டுக்குள்ள ஒளிஞ்சு கிடந்து ராத்திரி இரை தேடி மேல வருது. உலகத்துல எல்லாக் கடல்லயும் தினம் இது நடக்குது. சூரியன் விழுந்ததும் மீன் மேல ஏறும்னு எங்க ஊர்க் கிழவர்கள் சொன்னது இதைத்தான்னு நினைக்கிறேன்.

சரி, நம்ம நாட்டுக்கு வர்றேன். 1970கள்ல கொச்சியில ஐ.நா. உதவியோட ஒரு திட்டம் நடந்துச்சு. ரெண்டு கப்பல், ஒண்ணுக்கு 'ராஸ்ட்ரெல்லிகர்'னு பேரு, இன்னொண்ணுக்கு 'சார்டினெல்லா'. வாயில நுழையல இல்ல? விஞ்ஞானத்துல கானாங்கெளுத்திக்கும் மத்திக்கும் உள்ள பேர்தான் அது. பேருக்கேத்த மாதிரி அந்த மீனுங்களையே எக்கோ வச்சுக் கணக்கெடுத்துச்சு. அப்புறம் 1984ல டென்மார்க்குல கட்டின 'சாகர் சம்பதா'ன்னு பெரிய ஆராய்ச்சிக் கப்பல் வந்துச்சு. மீன் பிடிச்சுக் கொண்டாந்தப்புறம் கரையில கணக்கெடுக்கிற வேலையை 1947ல தொடங்கின மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் செய்யுது. துறைமுகத்துல நோட்டோட ஒருத்தர் வந்து எந்த மீன் எத்தனை கிலோன்னு எழுதிக்கிட்டுப் போவார், அண்ணிக்கு அவரை நல்லாத் தெரியும். ஹைதராபாத்துல இருக்கிற கடல் தகவல் மையம், இன்காய்ஸ்னு சொல்றாங்க, அது செயற்கைக்கோள் படத்தை வச்சு இந்தப் பக்கம் மீன் இருக்க வாய்ப்புன்னு தினமும் அறிவிப்பு கொடுக்குது. அண்ணன் போன்லயும் வருது.

ஆனா செயற்கைக்கோளுக்குத் தெரியறது கடலோட மேல்தோல் மட்டும்தான். தண்ணி எவ்வளவு சூடு, எவ்வளவு பச்சைன்னு பார்க்கும். சாம்பார் மேல மிதக்கிற எண்ணெயைப் பார்த்து அடியில பருப்பு எவ்வளவுன்னு சொல்ற மாதிரி. அடியைத் துழாவற கரண்டி சத்தம்தான். ஆராய்ச்சிக் கப்பலோ ஒண்ணு ரெண்டு. அதைக் கடலுக்கு அனுப்ப ஆகிற செலவு நமக்குக் கணக்குப் போடவே வராது. தமிழ்நாட்டுக் கடற்கரை மட்டும் 1076 கிலோமீட்டர். அந்தக் கரையில விசைப்படகு ஆயிரக்கணக்குல நிக்குது. தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், அதைத் தவிர மத்த நாள்ல எல்லாம் கடல்லதான் கிடக்குது. எக்கோவும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அதுல கொஞ்சப் படகாவது பார்க்கிறதைப் பதிஞ்சு வச்சுக் கொடுத்தா என்னங்கிறதுதான் யோசனை. 2007ல பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து, மீன்பிடிப் படகுலேர்ந்து இந்தச் சத்தக் கணக்கை எப்படி எடுக்கணும்னு ஒரு கையேடே போட்டிருக்காங்க.

கையேடு எதுக்குன்னா, சும்மா பதிஞ்சு கொடுத்தா போதாது. முதல்ல தராசு சரியா இருக்கணும். நம்ம கடையில தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போடறோமில்ல, எக்கோவுக்கும் அப்படி உண்டு. ஒரு சின்ன உலோகக் குண்டு, எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும், அதைப் படகுக்கு அடியில நூல்ல கட்டித் தொங்கவிடறாங்க. அந்தக் குண்டு எவ்வளவு சத்தத்தைத் திருப்பி அனுப்பும்னு முன்கூட்டியே தெரியும். பெட்டி காட்டுறது அதோட ஒத்துப் போகுதான்னு பார்த்துச் சரி பண்றாங்க. இது இல்லேன்னா ஒரு படகுல மாப்பு பெருசாத் தெரியும், அதே மாப்பு பக்கத்துப் படகுல சின்னதாத் தெரியும். அப்புறம் இஞ்சின் சத்தம், விசிறி கிளப்புற நுரை, பக்கத்துப் படகோட எக்கோ எல்லாம் குறுக்க வரும். அதையும் கழிக்கணும்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. படகு எங்க போகும்? மீன் இருக்கிற இடத்துக்குத்தான் போகும். இல்லாத இடத்துக்கு டீசல் செலவு பண்ணி யார் போவா? அப்ப படகு கொண்டு வர்ற கணக்குல எப்பவும் மீன் இருக்கிற மாதிரியே தெரியும். சந்தையில கூட்டமா இருக்கிற கடையை மட்டும் எண்ணிட்டு, ஊர்ல வியாபாரம் அமோகம்னு சொல்ற மாதிரி.

இதனால ஒரு நாட்டுல பெரிய நாசம் நடந்திருக்கு. கனடாவுல நியூஃபவுண்ட்லாந்துனு ஒரு தீவு, காட் மீன்தான் அவங்க பிழைப்பு. 1980கள்ல கரையோரம் சின்னப் படகு வச்சிருந்தவங்க, மீன் குறையுது, வர்றதும் சின்னதா வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஆனா ஆழ்கடல்ல போன பெரிய இழுவைக் கப்பல்களுக்கு மீன் கிடைச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. கருவியை வச்சு, மிச்சம் இருந்த மீன் கூடி நின்ன இடத்தைத் தேடிப் போய்ப் பிடிச்சதுதான் காரணம். அந்தக் கணக்கு நல்லா இருந்ததால நிலைமையும் நல்லா இருக்குன்னு நினைச்சுட்டாங்க. 1992ல காட் பிடிக்கவே தடை போட வேண்டியதாப் போச்சு. ஏறக்குறைய 30,000 பேருக்கு வேலை போச்சு. அதுல மீன் வெட்டற ஆலையில வேலை பார்த்த பொம்பளைங்களும் நிறைய. இதை என் அண்ணன் மக சொன்னப்ப அண்ணிக்கும் எனக்கும் கொஞ்ச நேரம் பேச்சே வரல.

இதுக்கு வழி கண்டவங்க பெரு நாட்டுக்காரங்க. தென் அமெரிக்காவுல இருக்கு. அங்க கிடைக்கிற ஆஞ்சோவெட்டா நம்ம நெத்திலிக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். 1966லேர்ந்து அவங்க 'யுரேகா'ன்னு ஒண்ணு நடத்தினாங்க. மீன்பிடிப் படகுகளையே கூப்பிட்டு, கடலைக் கோடு கோடாப் பிரிச்சு, உனக்கு இந்தக் கோடு, எனக்கு அந்தக் கோடுன்னு கொடுத்துடுவாங்க. மீன் இருந்தாலும் இல்லாட்டியும் அந்தக் கோட்டுலதான் போகணும். எல்லாப் படகும் ஒரே நேரத்துல கிளம்பி, கொஞ்ச நாளுக்குள்ள கரை முழுக்கப் பார்த்துடும். ஒரு கப்பல் மட்டும் போனா மாசக்கணக்கு ஆகும், அதுக்குள்ள மீன் இடம் மாறிடும். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி, வரிசை தப்பாம வச்சாத்தானே கோலம் தெரியும்.

இவ்வளவு செஞ்சும் என்ன ஆச்சு தெரியுமா? 1970ல பெருவுல சுமார் 1.2 கோடி டன் நெத்திலி பிடிச்சாங்க. பெரும்பாலும் மனுஷன் சாப்பிட இல்லை, மாவா அரைச்சுக் கோழிக்கும் பன்னிக்கும் தீவனம். ஒரு கோடி டன்னுக்குள்ள நிறுத்திக்கணும்னு விஞ்ஞானிகள் சொன்னாங்க. ஆலைக்காரங்க நிறுத்தல. 1972ல எல் நினோ வந்து கடல் சூடாச்சு. 1973ல பிடிச்சது 20 லட்சம் டன் அளவுதான். கணக்கு இருந்துச்சு, கேட்கத்தான் ஆள் இல்லை. அதுக்கப்புறம் புத்தி வந்து, இப்ப ஒவ்வொரு சீசனுக்கு முன்னாடியும் சத்தக் கணக்கெடுத்துத்தான் எவ்வளவு பிடிக்கலாம்னு முடிவு பண்றாங்க. 2023ல குஞ்சு மீன் அதிகமா இருக்குன்னு முதல் சீசனையே ரத்து பண்ணிட்டாங்க. நம்ம கடன் கமிட்டி சில பேருக்குக் கடன் இல்லைன்னு சொல்றப்ப எவ்வளவு திட்டு வாங்குது, அங்க எவ்வளவு வாங்கியிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

ஆஸ்திரேலியாவுல வேற விதமாச் செய்யறாங்க. மீன்பிடிக் கப்பல் துறைமுகத்துலேர்ந்து மீன் இருக்கிற இடத்துக்குப் போற வழி இருக்கு பாருங்க, அந்த வழி நெடுக எக்கோவைப் பதிய விடறாங்க. போகத்தானே போறோம், பதிஞ்சா என்ன நஷ்டம்? அப்படி டாஸ்மேனியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடுவுல உள்ள கடலை ஒரு கரையிலேர்ந்து மறு கரை வரைக்கும் பார்த்திருக்காங்க. நான் முன்னாடி சொன்னேனே, ராத்திரி ஏறி வர்ற பொய்த்தரை, அதைத்தான் அதுல கணக்கெடுக்கறாங்க. அண்டார்டிகாவுல கிரில்னு ஒண்ணு, பார்க்க நம்ம கூனி இறால் மாதிரி. நார்வேக்காரங்க 2011லேர்ந்து வருஷா வருஷம் மீன்பிடிக் கப்பலை வச்சே அதை அளக்கறாங்க.

இதையெல்லாம் கேட்டுட்டு நான் அண்ணன்கிட்ட, "அண்ணே, நம்ம படகுலயும் பதிஞ்சு கொடுக்கலாமே"ன்னு சொன்னேன். அவர் ஒரே வார்த்தையில, "ஏ புள்ள, என் பாட்டுல மண்ணைப் போடப் பார்க்கிறியா?"ன்னார்.

அவர் சொன்னதுல நியாயம் இருக்கு. எக்கோவோட ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து பதியும். அண்ணன் எங்க வலை விடறார்ங்கிறது அதுல அப்படியே இருக்கும். அந்த இடம் அப்பா காட்டிக்கொடுத்தது, பக்கத்து வீட்டுச் சிராங்குக்குக்கூடச் சொல்ல மாட்டார். நம்ம வீட்டுப் பொம்பளைங்க வத்தக்குழம்புப் பக்குவத்தைச் சொல்ல மாட்டாங்களே, அதைவிட ஆயிரம் மடங்கு. அது ஒரு பெரிய கம்பெனிக் கப்பல்காரன் கைக்குப் போனா? மாப்பு நிக்கிற இடம் தெரிஞ்சா ஒரே நாள்ல வழிச்சு எடுத்துட்டுப் போயிடுவான். எல்லைப் பிரச்சினை வேற. எந்தப் படகு எங்க நின்னுச்சுன்னு எழுத்துல இருந்தா நாளைக்கு அதையே காட்டிக் கேஸ் போடுவாங்கன்னு பயம்.

நான் விடல. "கரையோரம் நாட்டுப்படகுக்குன்னு ஒதுக்கின கடலுக்குள்ள விசைப்படகு போகக் கூடாதுன்னு 1983லயே சட்டம் இருக்கில்ல. அதுவும் பதிஞ்சிடும்னுதானே பயப்படறீங்க?"ன்னு கேட்டேன். அண்ணன் பதில் சொல்லல, அண்ணி சிரிச்சுட்டாங்க.

என் அபிப்பிராயம் இதுதான். கணக்கைக் கொடுக்கலாம், கொடுக்கிறவங்களைக் கேட்டுட்டு வாங்கணும். நம்ம குழு நோட்டை யாராவது எடுத்துட்டுப் போய்ப் படிச்சுட்டு, அதை வச்சு வேற ஆளுக்குக் கடன் கொடுத்தா நாம சும்மா இருப்போமா? இடத்தை மறைச்சு, பத்து மைலுக்கு ஒரு கட்டம்னு மொத்தமாச் சேர்த்து வெளியிடலாம்னு அண்ணன் மக சொல்லுது. அப்படி வந்தா எந்தப் படகுன்னு தெரியாது, மீன் கூடுதா குறையுதான்னு மட்டும் தெரியும். அதைத் தமிழ்ல, துறைமுகத்துல ஏலம் போடற இடத்துல ஒட்டணும். எங்கேயோ ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தூங்கறதுக்கு அண்ணன் எதுக்குக் கொடுக்கணும்? கணக்குல மீன் குறைச்சல்னு வந்தா, அன்னைக்கு யாருக்கு முதல்ல தடை, பெரிய கப்பலுக்கா ஃபைபர் படகுக்கா, அதையும் முன்னாடியே பேசிக்கணும். பெருவுல இதைப் பேசாம விட்டதுதான் வினை.

அண்ணன் இன்னும் சம்மதிக்கல. ஆனா அண்ணி வேற வேலை ஆரம்பிச்சுட்டாங்க. அவங்களும் குழுவுல இருக்கிறவங்கதான், நோட்டு எழுதத் தெரியும். ஒவ்வொரு தங்கலும் முடிஞ்சு படகு வந்ததும் அண்ணனை உட்கார வச்சுக் கேட்கறாங்க: எத்தனை பாகத்துல மாப்பு தெரிஞ்சுது, பகலா ராத்திரியா, வலையில என்ன மீன், எத்தனை கூடை, தேடிப் போய் ஒண்ணுமே இல்லாம எத்தனை மணி நேரம் ஓடினீங்க. கடைசிக் கேள்விதான் முக்கியம்னு அண்ணன் மக சொல்லியிருக்கு. இடம் எழுதறதில்ல. அதனால அண்ணனும் சொல்லிடறார். இது எக்கோ பதிவுக்கு ஈடாகாது, தெரியும். குண்டு தொங்கவிட்டு முத்திரை போட்ட தராசு இல்லை இது. ஆனா இப்போதைக்கு அந்தப் படகுல எழுதி வச்சிருக்கிற ஒரே கணக்கு அண்ணியோட நாப்பது பக்க நோட்டுதான்.

நம்ம பக்கமும் ஒண்ணு செய்யலாம்னு எங்க குழுவுல பேசியிருக்கோம். நெத்திலிக் கருவாடு மூட்டை வந்து பிரிக்கிறப்ப, ஒரு கைப்பிடி எடுத்துப் பள்ளிக்கூட ஸ்கேலால நீளம் பார்த்து, தேதியோட எழுதி வைக்கிறது. காய்ஞ்சா கொஞ்சம் சுருங்கும், ஆனா எல்லா மூட்டையும் அதேபோலத்தானே காயுது. ஏழு மூட்டை எழுதியாச்சு. வருஷம் முழுக்க எழுதினா மீன் சின்னதாகுதான்னு நமக்கே தெரியும். வேற குழுவுல யாராவது கருவாடு வாங்கி விக்கிறதா இருந்தா என்கிட்ட வாங்க, எப்படி எழுதறதுன்னு காட்டறேன்.

எட்டாவது மூட்டை வெளியில ஸ்டால்ல இருக்கு. கால் கிலோ பாக்கெட்டும் போட்டு வச்சிருக்கோம்.